துடக்கு நாளில் வரும் முதல் ஆட்டம்

தம்பி,

நேற்று நீ போனை வைத்த பிறகு அம்மா, "என்னவாம் பெடியன்?" என்று கேட்டா. "ஒண்டுமில்லை, சுகமா இருக்கிறானாம்" என்று சொல்லிவிட்டுப் பல்கனிக்குப் போய்விட்டேன். ஒன்றுமில்லாத விஷயமா அது? பெரியப்பா யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடி இரண்டு கிழமைதான் ஆகிறது, சாவுத் துடக்குக் கழிய இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் முதல் ஆட்டம் வந்துவிடுகிறது, அதனால் இங்கே பலெர்மோவுக்கு வந்து பந்தெறியப் போவதில்லை என்று சொன்னாய். "வா பேனே அப்பா, சரி, துடக்குத்தானே, நான் இந்த முறை விளையாடேல்லை" என்றாய். குத்திக்காட்டுகிற குரலில் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி முடித்திருப்பேன். நீ உண்மையாகவே பணிந்து சொன்னாய். போனில் இதைக் கதைக்கத் தொடங்கினால் இரண்டு பேரும் பாதியில் வாய்மூடிப் போவோம், அது நமக்கு வழக்கம்தானே. அதனால்தான் எழுதுகிறேன். நீ வந்து எறிய வேண்டும் என்று கேட்பதற்குத்தான் இந்தக் கடிதம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் ஆறுதலாக வாசி.

முதலில் எங்கள் அணியைப் பற்றி. 'எங்கள்' என்று எழுதியதற்குச் சிரிக்காதே. நீ கத்தானியாவுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையும் எடுத்து ஏழு வருஷமாகிறது. அந்த ஏழு வருஷமும் நீ விட்டுப்போன பேஸ்போல் அணிக்குப் பின்னால் ஒழுங்காகத் திரிகிற ஆள் நான்தான். அம்மா உனக்குச் சொல்லியிருப்பா. ஞாயிற்றுக்கிழமையானால் தொப்பியையும் தண்ணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். மாரிகாலத்தில் ஆட்டம் இல்லாதபோது எனக்கு ஒன்றும் ஓடாது. நான் சம்பளத்துக்குப் பராமரிக்கிற கிழவரைப் பொலிதேயாமாச் சதுக்கத்துப் பக்கம் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போதும் வருகிற பருவத்தைப் பற்றித்தான் யோசிப்பேன். இந்த முறை எப்படி என்று கேட்டால், சொல்லும்படியாக இல்லை. அடிக்கிறவர்களில் குறையில்லை. எறிகிறவன்தான் இல்லை. உன் இலக்கத்தைப் போட்டுக்கொண்டு எறிகிற பெடியனுக்குக் கையில் பலம் இருக்கிறது, எங்கே எறிகிறோம் என்ற நினைப்பில்லை. நாலு பந்தை அங்குமிங்கும் எறிந்து ஒருவனை அடிக்காமலே சும்மா முதல் தளத்துக்கு நடக்க விடுகிறான், பிறகு இன்னொருவனையும் நடக்க விடுகிறான், மூன்றாவது ஆள் ஒரு அடி அடித்தால் கதை முடிந்தது. உனக்குப் பந்து பிடித்த கயத்தானோதான் இன்னமும் பிடிக்கிறான், அவனுக்கு முழங்கால் சரியில்லை. பயிற்சியாளர் சால்வோ "இதுதான் எனக்குக் கடைசி வருஷம்" என்கிறார், போன வருஷமும் அதைத்தான் சொன்னார். போன கிழமை மைதானத்தைப் போய்ப் பார்த்தேன். எறிமேடு மழையில் கரைந்து கிடக்கிறது. இடப்பக்க மூலையில் காட்டுப் பெருஞ்சீரகம் என் இடுப்பளவுக்கு நிற்கிறது, அங்கே போன பந்தைத் தேடி எடுப்பதற்குள் எதிராளி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு ஓடலாம். இத்தனைக்கும் மேலே நீ இப்போது எறிகிற கத்தானியா அணி ஒரு படி சறுக்கி எங்கள் பிரிவில் வந்து விழுந்திருக்கிறது. முதல் ஞாயிறே உங்களோடு ஆட்டம், அதுவும் எங்கள் மைதானத்தில்.

பெரிய ரசிகன் மாதிரி எழுதுகிறேன். நீ இங்கே விளையாடின காலத்தில் நான் ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஞாயிறுகளில் மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிற வேலை இருந்தது, அது உண்மை. ஆனால் சித்திரை மாதத்துக் குளிர் காற்றில் கடற்கரைக்கு யார் வருகிறார்கள்? முதலாளி "இன்று வரவேண்டாம்" என்று சொன்ன ஞாயிறுகளும் இருந்தன. அந்த நாட்களில் நான் எங்கள் தமிழ்ப் பெடியங்களின் கிறிக்கெற்றுக்குப் போனேன். அங்கே எனக்கு ஒரு மதிப்பு. ஊரில் பள்ளிக்கூட அணிக்கு ஆடினவர் என்று என்னை நடுவராக நிற்கவிடுவார்கள், நான் கையைத் தூக்கினால் மறுபேச்சு இல்லை. உன்னையும் அதில்தான் சேர்க்க நினைத்திருந்தேன். நீ உன் வகுப்புப் பெடியங்களோடு பேஸ்போலுக்குப் போனாய். வீட்டு வாசலில் நீ எனக்கு எறிந்து காட்டிய நாள் நினைவிருக்கிறதா? "கையை மடிச்சு எறியிறது ஒரு விளையாட்டே? அது மாங்காய்க்குக் கல்லெறியிற வேலை" என்றேன். பந்து போடும்போது கை நீண்டு வர வேண்டும், முழங்கை மடிந்தால் அது கள்ளப் பந்து. என் மண்டைக்குள் இருந்தது அந்த ஒரு சட்டம்தான். கிறிக்கெற் ஆடுகிற இடத்திலும் "என்ரை பெடியன் கல்லெறியப் போட்டான்" என்று பகிடி விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு முறை நீயும் பக்கத்தில் நின்றாய், நீயும் சேர்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பு இப்போது எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது.

பிறகு அந்தத் துடக்கு. நீ இங்கே விளையாடின அணி மேல் பிரிவுக்கு ஏறுமா இல்லையா என்று தீர்மானிக்கிற கடைசி ஆட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முதல் வெள்ளிக்கிழமை கனடாவிலிருந்து போன் வந்தது, என் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் மோசம் போய்விட்டார் என்று. பங்காளி செத்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது, கொண்டாட்டம் ஒன்றும் கூடாது. நான் அப்போது இங்குள்ள கோயிலின் நிர்வாக சபையில் இருந்தேன். நீங்கள் வென்றால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள், அந்தப் படம் முகநூலில் வரும். "துடக்கோடை மகனை ஆட விட்டிட்டு எங்களுக்குச் சட்டம் சொல்ல வாறார்" என்று சனம் கதைக்கும். என் பயம் அதுதான், வேறொன்றுமில்லை. செத்த மனுஷனோடு எனக்கு வேலிச் சண்டை. பல வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிப்பதில்லை. அவர் உயிரோடு இருந்தபோது நான் கொடுக்காத மரியாதையை, செத்த பிறகு உன் ஆட்டத்தைப் பிடுங்கிக் கொடுக்கப் பார்த்தேன். நீ பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். "இண்டைக்குப் போகேலாது" என்றேன். அம்மா குசினிக்குள்ளிருந்து, "இஞ்சாருங்கோ, அவன் என்ன கோயிலுக்கே போறான்? பந்தெறியத்தானே போறான்" என்று சொன்னா. "உனக்கு ஒண்டும் தெரியாது, நீ சும்மா இரு" என்று அவவையும் அடக்கினேன். நீ பையை இறக்கி வைத்துவிட்டு, "செத்தவரின்ரை பேர் என்ன அப்பா?" என்று கேட்டாய். நான் பெயரைச் சொன்னேன். நீ தலையாட்டிவிட்டு அறைக்குள் போனாய்.

அன்று அணி தோற்றது. சால்வோ உன்னை ஏசவில்லை என்று அம்மா சொன்னா. கயத்தானோ உன் போனை எடுக்கவில்லை என்பதையும் அம்மாதான் சொன்னா. பலெர்மோவிலேயே உனக்குப் படிக்க இடம் இருந்தும் நீ கத்தானியாவுக்கு எழுதிப் போட்டாய், நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்ற பயம். நீ போன பிறகு உன் அலுமாரியில் அணியின் மேற்சட்டை கிடந்தது. அது கழகத்துச் சாமான், திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா அதைத் தோய்த்து, மினுக்கி, ஒரு பையில் போட்டு என் கையில் தந்தா. நான் போனபோது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சால்வோ கையைக் காட்டி இருக்கச் சொன்னார். வாங்கிலில் ஒரு பொம்பிளை தன் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இடம் தந்தா. அவதான் கயத்தானோவின் தாய், சினியோரா பினா. நான் உன் அப்பா என்று அவவுக்குத் தெரியும், பலெர்மோவில் பேஸ்போல் பார்க்கிற தமிழன் வேறு யார்? வறுத்த கடலையும் பூசணி விதையும் இருந்த கடதாசிப் பையை என் பக்கம் நீட்டினா. ஒருவன் பந்தைப் பின்பக்கமாக அழகாகத் தட்டிவிட்டான், எங்கள் கிறிக்கெற்றில் அது நிச்சயம் நாலு ஓட்டம், நான் கைதட்டினேன். சுற்றியிருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இங்கே அது செல்லாத பந்தாம். சினியோரா பினா விதைத் தோலைத் துப்பிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தா. அடுத்த ஞாயிறும் போனேன். சட்டையை எப்போதோ கொடுத்தாகிவிட்டது, பிறகும் போய்க்கொண்டிருந்தேன். முதலில் உனக்குச் செய்ததற்கு ஒரு தண்டனை மாதிரித்தான் போனேன், பிறகு எனக்கு அந்த விளையாட்டுப் பிடித்துவிட்டது. அதையும் மறைக்கக்கூடாது. கை மடிந்து விரிகிற அந்த எறியைப் போல ஒன்றை நான் கிறிக்கெற்றில் பார்த்ததில்லை.

இந்த ஏழு வருஷத்தில் அந்த மேட்டில் ஏறி நின்று எறிந்த எல்லோரையும் பார்த்துவிட்டேன். எங்கள் ஆட்கள், எதிராளிகள், மழைக்குள் வழுக்கி விழுந்தவன், நடுவரோடு சண்டை பிடித்துத் தொப்பியை எறிந்தவன் எல்லோரையும் பார்த்தேன். உன்னைப் பார்க்கவில்லை. கத்தானியாவுக்கு மூன்று மணித்தியாலப் பயணம், ஒரு நாள் பஸ் ஏறியிருக்கலாம். வா என்று நீ கூப்பிடவில்லை, வரட்டுமா என்று நானும் கேட்கவில்லை. பெரியப்பாதான் பார்த்தார். நீ அவருக்கு வட்சப்பில் வீடியோ அனுப்புவது எனக்கு எப்படித் தெரியும் என்று நினைக்கிறாய்? திங்கட்கிழமை விடியத் தவறாமல் போன் எடுப்பார். "டேய், பெடியன் நேற்று எறிஞ்சதைப் பாத்தியே? கடைசிப் பந்து நேரா வந்து போட்டு டக்கெண்டு கீழை இறங்கிச்சுது, பாத்தியே?" என்பார். நான், "ஓம் அண்ணை, பாத்தனான்" என்பேன். "அவன்ரை தோளைப் பாத்தியே, நாங்கள் ஆடினதெல்லாம் ஒரு ஆட்டமே" என்பார். அதற்கும் ஓம் என்பேன். எனக்கு நீ ஒன்றும் அனுப்புவதில்லை என்று அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. என்னை விடக் கிறிக்கெற் வெறி பிடித்த மனுஷன் அவர், என்னோடு ஒரே மட்டையைப் பங்குபோட்டு ஆடினவர். அவர் ஒரு நாளாவது உன் முழங்கை மடிந்திருக்கிறது என்று சொன்னாரா? கிழவரை விட்டுவிட்டுப் போக ஆள் கிடைக்காமல் அவருடைய செத்தவீட்டையும் நான் போனில்தான் பார்த்தேன். பெட்டியைத் தூக்கும்போது படம் அப்படியே நின்றுபோனது.

இன்று காலை பல்லரோச் சந்தைக்கு மரக்கறி வாங்கப் போனேன். கயத்தானோ இப்போது அங்கே ஒரு மீன்கடையில் நிற்கிறான், தெரியும்தானே. என்னைக் கண்டதும் மத்தி மீனைக் காட்டி, நல்ல மீன், எடுங்கோ என்றான். "இப்ப மச்சம் சாப்பிடுறேல்லை" என்றேன். ஏன் என்று கேட்டான். துடக்கு என்றேன். அவனுக்குத் தெரிந்த தமிழ்ச் சொல் அது ஒன்றாகத்தான் இருக்கும், அன்றைக்கு நீ சால்வோவுக்குச் சொல்லி அறிந்தது. கத்தியைக் கீழே வைத்தான். "மறுபடியுமா?" என்றான். சந்தைச் சத்தத்துக்குள் அது எனக்கு நன்றாகவே கேட்டது. செத்தது யார் என்று கேட்டான், என் சொந்த அண்ணன் என்றேன். கையைத் துடைத்துவிட்டு வந்து என்னைக் கட்டிப்பிடித்து அனுதாபம் சொன்னான். என் சேட்டெல்லாம் மீன் மணம். பிறகு, "அப்ப சிவா வரமாட்டானா?" என்றான். வரமாட்டேன் என்று சொல்கிறான் என்றேன். அவன் தன் காலைத் தட்டிக் காட்டினான். "எனக்கு முழங்கால் போட்டுது. இந்தப் பருவத்தோடை நிப்பாட்டுறன். அவன்ரை பந்தை எத்தினை வருஷம் பிடிச்சனான், ஒருக்காலும் எதிரிலை நிண்டு அடிச்சுப் பாக்கேல்லை" என்றான். அவன் சொன்னது இத்தாலியனில், நான் எங்கள் பாஷையில் எழுதுகிறேன். அன்றைக்கு உன் போனை எடுக்காமல் விட்டது அவன் முகத்தில் இருந்தது. மீன் வாங்குகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கிற, கொத்தமல்லி மாதிரியான அந்தத் தழையில் ஒரு பிடி அள்ளி, மீன் இல்லாமலே என் பையில் போட்டுவிட்டான்.

தம்பி, துடக்கை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. நானும் காக்கிறேன். மச்சம் இல்லை, கோயில் இல்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று இங்கே செய்ய வேண்டியதைச் செய்வேன். பெரியப்பாவுக்காக நீ உன் ஆட்டத்தை விட நினைத்தது உன் நல்ல மனசு. அந்த மனசை நான் கெடுக்கப் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பழக்கத்தை உனக்குக் காட்டியவன் நான், நான் காட்டிய விதம் பிழை. மைதானம் என்ன கோயிலா என்று அம்மா அன்றைக்கே கேட்டா, அவ கேட்டதுதான் சரி. சனம் கதைக்கத்தான் செய்யும். கதைக்கிறவர்கள் என்னிடம் வரட்டும், வாங்கிலில் எல்லோரும் பார்க்கத்தானே இருக்கப்போகிறேன். நாளைக்கு உனக்கென்று பிள்ளைகள் வந்தால் அவர்கள் உனக்குத் தெரியாத ஒரு விளையாட்டைத்தான் பிடித்துக்கொள்வார்கள். விளங்காவிட்டாலும் போய் இரு, விதையைக் கொறித்துக்கொண்டாவது இரு, விளங்கிய பிறகு போகலாம் என்று நிற்காதே. எனக்கு விளங்கியபோது நீ இங்கே இல்லை.

இன்னொன்று, நீ எறிகிறாய் என்பதற்காக நான் கத்தானியாப் பக்கம் சாய்ந்துவிடுவேன் என்று நினைக்காதே. நான் எங்கள் பக்கத்து வாங்கிலில்தான் இருப்பேன். எங்கள் அணி வெல்ல வேண்டும் என்றுதான் நினைப்பேன், கயத்தானோ உன் பந்தை அந்தப் பெருஞ்சீரகப் பற்றைக்குள் அடித்தால் எழும்பிக் கைதட்டுவேன். நீ அவனை மூன்று பந்தில் வெளியே அனுப்பினால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. சினியோரா பினா பக்கத்தில் இருப்பா, பார்த்து நடந்துகொள்ள வேண்டும்.

மத்தியானம் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன். சாப்பிட்டீர்களா, ஆர் ஆர் வந்து போகிறார்கள் என்று வழக்கமான கதைதான். வைக்கிற நேரத்தில் அவவே கேட்டா. "தம்பி, பெடியன்ரை விளையாட்டு இன்னும் தொடங்கேல்லையே? மோசம் போறதுக்கு முதல் நாளும் இவர் கேட்டவர், பங்குனியும் பிறந்திட்டுது, பெடியன்ரை வீடியோ ஒண்டையும் காணேல்லை எண்டு. இவரின்ரை போனை நான் இன்னும் நிப்பாட்டேல்லை. வந்தால் படத்துக்கு முன்னாலை, விளக்கடியிலை வைச்சு ஒருக்காப் போட்டுக் காட்டலாம் எண்டு பாத்தன். அந்தியேட்டிக்கு முதல் வருமே?"

துடக்கு எல்லோரையும் விட அந்த வீட்டுக்குத்தான். அவவே கேட்கிறா. நான், "ஓம் அண்ணி, வரும். நானே எடுத்து அனுப்புறன்" என்று சொல்லிவிட்டேன். வீடியோ எடுக்க எனக்கு வராது, அம்மாவிடம் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறேன். பார்க்காததைப் பார்த்தேன் என்று அண்ணனிடம் எத்தனையோ திங்கட்கிழமை பொய் சொன்னேன். பெரியம்மாவிடமும் நான் சொன்னது பொய்யாகிவிடக்கூடாது. ஞாயிறு வா, தம்பி.

அப்பா